இறைச்சிவழி ஒட்டுண்ணித் தொற்றும் நுகர்வோர் அறிவும்: அத்திபெலே முதல் வேலூர் வரை

இறைச்சியோடு தொடர்புடைய ஒட்டுண்ணிகள் உலகெங்கும் பல. தென்னிந்தியாவில் பொருட்படுத்த வேண்டியவை சிலவே: பன்றி நாடாப்புழு (டீனியா சோலியம்), மாட்டு நாடாப்புழு (டீனியா சாஜினேட்டா), ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும் எக்கினோகாக்கஸ், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத டாக்சோபிளாஸ்மா. உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2014இல் வெளியிட்ட தரவரிசை, உணவுவழிப் பரவும் 24 ஒட்டுண்ணிகளை அவை விளைவிக்கும் கேட்டின் அளவுப்படி வரிசைப்படுத்தியது. முதலிடம் பன்றி நாடாப்புழுவுக்கு. இரண்டாமிடம் நீர்க்கட்டி உண்டாக்கும் எக்கினோகாக்கஸுக்கு. டாக்சோபிளாஸ்மா நான்காவது. மாட்டு நாடாப்புழுவோ பட்டியலின் அடிப்பகுதியில் கிடக்கிறது. இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலிரண்டு இடங்களில் உள்ள ஒட்டுண்ணிகள் மனிதரின் மூளையிலும் ஈரலிலும் கட்டியாக வளர்வது கறியைத் தின்றதால் அல்ல. மலத்தோடு வெளியேறிய முட்டை வாய்க்குள் போனதால். ஒன்று மனித மலம், மற்றது நாயின் மலம். இறைச்சி அந்தச் சுழற்சியில் ஒரு கண்ணி மட்டுமே. நுகர்வோர் விழிப்புணர்வு என்ற பெயரில் சொல்லப்படும் பெரும்பாலான அறிவுரைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

இதை ஓர் எல்லைப்புற ஊரை வைத்துப் பார்க்கலாம். பெங்களூரு நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 44இல், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஊர் அத்திபெலே. சில கிலோமீட்டர் தெற்கே போனால் ஓசூர். கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் கடைத்தெருவில் சகஜமாகப் புழங்கும். பொம்மசந்திரா, ஜிகணி, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், அசாம், மணிப்பூர் மாநிலத்தவரும் இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறார்கள். ஆட்டுக்கறி, கோழிக்கறி, பன்றிக்கறி, மீன் எல்லாவற்றுக்கும் இங்கே கிராக்கி உண்டு. மிலிட்டரி ஹோட்டலில் தலைக்கறியும் கால் சூப்பும், குடகு முறைப் பன்றிக்கறி, வடகிழக்கு மாநிலங்களின் புகையூட்டிய பன்றி இறைச்சி எனப் பல சமையல் மரபுகள் ஒரே நெடுஞ்சாலையில் கிடைக்கின்றன. கறி எல்லை தாண்டி வருகிறது, போகிறது. அதை மேற்பார்க்க வேண்டிய அமைப்புகளோ எல்லைக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று.

பட்டியலில் முதலிடம் பெற்ற பன்றி நாடாப்புழுவிலிருந்து தொடங்குவோம். அதன் வாழ்க்கை இரண்டு உடல்களில் நடக்கிறது. வளர்ந்த புழு மனிதனின் சிறுகுடலில் மட்டுமே வாழும். 2 முதல் 4 மீட்டர் வரை நீளும். அதன் முதிர்ந்த கணுக்கள் ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் முட்டைகள் இருக்கும். அவை மலத்தோடு வெளியேறும். திறந்தவெளியில் கிடக்கும் மலத்தைத் தின்னும் பன்றியின் தசைகளில் இந்த முட்டைகள் ஜவ்வரிசி அளவில், வெண்மையான நீர்ப்பைகளாக வளர்கின்றன. அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவரின் குடலில் மறுபடி நாடாப்புழு உருவாகும். அவருக்குப் பெரிதாக எந்தத் தொல்லையும் இராது. மந்தமான வயிற்றுவலி, எப்போதாவது மலத்தில் வெள்ளைத் துண்டுகள், அவ்வளவுதான். இதுவரை நோய் சிறியது.

பெரிய நோய் இதற்குப் பிறகு வருகிறது. குடலில் புழுவைச் சுமப்பவர் மலங்கழித்துவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் சோறு பிசைந்தாலோ, சட்னி அரைத்தாலோ முட்டைகள் அடுத்தவர் வயிற்றுக்குள் போகின்றன. அங்கே அவை பன்றிக்குள் செய்ததையே செய்யும். குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் நீர்ப்பைகளாகத் தங்கும். மூளையில் தங்கியவை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து, சாகும் தறுவாயில் வீக்கத்தை உண்டாக்கி வலிப்பைக் கொண்டுவரும். வாழ்நாளில் ஒருமுறைகூடப் பன்றிக்கறியைத் தொடாதவருக்கும், பரம்பரைச் சைவருக்கும் இது வரும். பன்றிக்கறி தின்றவருக்கு வயிற்றில் புழு, அவர் சமைத்ததைச் சாப்பிட்டவருக்கு மூளையில் கட்டி என்று சுருக்கிச் சொல்லலாம். புழுவைச் சுமப்பவரும் தன் முட்டையாலேயே பாதிக்கப்படலாம்.

இந்தியாவில் இந்த நோயின் பதிவு சென்னையில்தான் தொடங்குகிறது. வலிப்பு வந்து இறந்த கூலித் தொழிலாளி ஒருவரின் உடலில் இந்த நீர்ப்பைகள் இருந்ததை 1888இல் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் பதிவுசெய்தார். 1912இல் கிருஷ்ணசுவாமி என்பவர், தசைவலியும் தோலடிக் கட்டிகளும் இருந்தவர்களின் தசை, இதயம், மூளை ஆகியவற்றில் இவை நிறைந்திருந்ததை எழுதினார். பின்னர், இந்தியாவில் பணிபுரிந்து நாடு திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. அவர்களில் 450 பேரை ஆராய்ந்து டிக்சன், லிப்ஸ்கோம் இருவரும் 1961இல் வெளியிட்ட அறிக்கை, தொற்றுக்கும் முதல் வலிப்புக்கும் இடையே சராசரியாக 5 ஆண்டுகள் ஆகலாம் என்று காட்டியது. எங்கே, எதைத் தின்றபோது தொற்றியது என்பதை நோயாளி நினைவுபடுத்திச் சொல்ல முடியாததன் காரணம் இதுதான்.

1980களில் சி.டி. ஸ்கேன் பரவலானபோது இந்திய மருத்துவர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். வலிப்போடு வந்த நோயாளிகள் பலரின் மூளையில் 2 செ.மீ.க்கும் குறைவான, வளையம்போல் ஒளிரும் ஒற்றைக் கட்டி தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு என்பதால் அதைக் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சில மாதங்களில் கட்டி மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லாரும் நம்பினார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் இந்தக் கட்டிகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. பெரும்பாலானவற்றில் இருந்தது செத்துக்கொண்டிருந்த நாடாப்புழு நீர்ப்பை. 1989இல் லான்செட் இதழில் இந்த முடிவு வெளியானது. மருந்தே இல்லாமலும் இவை மறைந்துவிடும் என்பது பிறகு உறுதியானது. தேவையற்ற காசநோய் மருந்திலிருந்து எண்ணற்ற நோயாளிகளைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு இது. தமிழ்நாட்டு மருத்துவ ஆய்வின் சாதனைகளில் ஒன்றாகப் பள்ளிப் பாடத்தில் இருந்திருக்க வேண்டியது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் இன்னொரு சான்று கிடைத்தது. நியூயார்க்கில் பன்றிக்கறியை மதக் கட்டுப்பாட்டால் அறவே விலக்கிய வைதிக யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு மூளையில் இதே நோய் வந்தது. தேடிப் பார்த்ததில், நாடாப்புழுத் தொற்று மிகுந்த லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து அவர்கள் வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக அது பரவியது என்று தெரியவந்தது. 1992இல் இந்த ஆய்வு வெளியான பிறகு, பன்றிக்கறி தின்னாதவர்களுக்கு இந்த நோய் வராது என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

வேலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய 50,000 பேரை வீடுவீடாக விசாரித்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று மதிப்பிட்டது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2004இல் வெளியிட்ட நரம்பு நோய்க் கணக்கெடுப்பு 1,02,557 பேரை உள்ளடக்கியது. நகர்ப்புறத்தில் ஆயிரத்துக்கு 5.7 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது, கிராமப்புறத்தில் 11.9 பேருக்கு. இந்த வேறுபாடு முழுவதையும் நாடாப்புழுவின் கணக்கில் எழுத முடியாது. பேறுகாலக் கவனிப்பு, தலைக்காயம், மருத்துவ வசதி எல்லாமே இதில் சேரும். ஆனால் கழிப்பறை இல்லாத வீடும் அவிழ்த்துவிட்ட பன்றியும் ஒன்றாக இருக்கும் பகுதிகளில் இந்த நோய் மிகும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. நோய் வேரூன்றிய பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அத்திபெலே வட்டாரத்துக்கு இதில் தனியான ஒரு கவலை உண்டு. பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் வந்து சேர்கிறது. அணையிலிருந்து நுரை பொங்கும் படங்கள் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகின்றன. இந்தத் தண்ணீரை நம்பி வேளாண்மை நடக்கிறது. பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நுரையைப் பார்த்து ரசாயனத்தைப் பற்றிப் பேசுகிறோம், முட்டையை எண்ணிப் பார்ப்பது அரிது. பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லி, புதினா, கேரட் ஆகியவற்றை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது பன்றிக்கறியை விலக்குவதைவிட மூளைக்குப் பாதுகாப்பு. கறிக்கடைக்கே போகாத வீட்டுக்கும் இது பொருந்தும்.

ஆட்டுக்கறிக்கு வருவோம். அத்திபெலே போன்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கறிக்கடை எல்லாருக்கும் தெரிந்த காட்சி. தோலுரித்த ஆடு கொக்கியில் தொங்கும். பக்கத்தில் ஈரக்குலை. கடைக்காரர் ஈரலைப் புரட்டிப் பார்ப்பார். நுரையீரலிலோ ஈரலிலோ கோலிக்குண்டு அளவுக்கு, சில சமயம் எலுமிச்சை அளவுக்கு, வெளிறிய கட்டி இருந்தால் கத்தியால் கீறுவார். தெளிந்த நீர் பீச்சும். அந்தப் பகுதியை மட்டும் அறுத்து எடுத்து, மீதியை எடைத்தட்டில் போடுவார். அறுத்த துண்டு கடைக்கு எதிரே காத்திருக்கும் நாய்க்குப் போகும். ஆபத்து முழுவதும் அந்தக் கடைசி வீச்சில் இருக்கிறது. கட்டிக்குள் உள்ள எக்கினோகாக்கஸ் தலைகள் நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளப் புழுக்களாக ஆயிரக்கணக்கில் வளரும். ஏழு வாரங்கள் போனால் நாயின் மலத்தில் முட்டை வரத் தொடங்கும். அது மண்ணிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு குழந்தையின் கைக்கு வரும். மனித ஈரலில் இந்தக் கட்டி ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்ற கணக்கில் மெல்ல வளர்ந்து, பத்து இருபது ஆண்டுகள் கழித்து வயிற்றுவலியாக வெளிப்படும். உடைந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். இந்தியாவில் ஆந்திரமும் தமிழ்நாடும் இந்த நோய் அதிகம் பதிவான மாநிலங்கள்.

கட்டி இருந்த ஆட்டின் கறியைத் தின்றவருக்கு எதுவும் ஆகாது என்பதுதான் வேடிக்கை. வாங்குபவரின் உடல்நலத்துக்குக் கேடில்லாத ஒரு செயல் தெருவின் உடல்நலத்தைக் கெடுக்கிறது. ஆகவே தரமான கறியை அடையாளம் காணத் தெரிந்த நுகர்வோரும் இந்த நோயைத் தடுத்துவிட முடியாது. கழிவை மூடிய தொட்டியில் போடுவதும், நாய்களுக்குக் குறித்த இடைவெளியில் பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுப்பதுமே வழி. வெறிநாய்த் தடுப்பூசி போடும் அளவுக்காவது குடற்புழு நீக்கத்துக்கும் உள்ளாட்சிகள் கவனம் கொடுத்தால் பாதி வேலை முடியும்.

டாக்சோபிளாஸ்மாவும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஆட்டுக்கறியிலும் பன்றிக்கறியிலும் இதன் நுண்ணிய கூடுகள் இருக்கக்கூடும். அரைவேக்காட்டுக் கறியில் தொற்று உண்டு. முதன்முறையாகத் தொற்று ஏற்படுவது கருவுற்றிருக்கும்போதாக இருந்தால் சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆனால் தமிழ்நாட்டில் அறியப்பட்ட பெரிய தொற்று கறியால் வந்ததாகத் தெரியவில்லை. 2004-05இல் கோயம்புத்தூரில் ஏறக்குறைய 250 பேருக்கு இதனால் விழித்திரை அழற்சி ஏற்பட்டதை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஐயம் விழுந்தது மாநகராட்சிக் குடிநீரின் மேல். பூனையின் மலத்தில் வெளிவரும் முட்டைக்கூடுகள் தண்ணீரில் கலந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

இறைச்சியால் நேரடி ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தென்னிந்தியச் சமையல் கறியை நன்றாகவே வேகவைக்கிறது. பிரஷர் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை எட்டும். தம் பிரியாணியும் குழம்பும் எந்த ஒட்டுண்ணியையும் விட்டுவைப்பதில்லை. முழுத் துண்டுக் கறி உள்ளே 63 டிகிரியும், கைமா 71 டிகிரியும் தொட்டால் போதும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. குழம்புக்கறிக்கு இது மிகச் சாதாரணம். ஓட்டை விழும் இடங்கள் வேறு. கோலா உருண்டைக்கோ கபாபுக்கோ பிசைந்த பச்சைக் கைமாவை உப்பு பார்க்க நாக்கில் வைப்பது சமையல்காரர்களின் பழக்கம். ரத்தசோகைக்கு நல்லது என்று ஆட்டின் சுவரொட்டியை (மண்ணீரலை) தணலில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல் குழந்தைக்குக் கொடுப்பது வீட்டு வைத்தியம். வெளியே கருகி உள்ளே வேகாத பார்பிக்யூ, கறி நறுக்கிய பலகையிலேயே வெங்காயமும் எலுமிச்சையும் அரிவது, இவற்றில்தான் நுகர்வோர் கவனம் இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்த கறி பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. பன்றி நாடாப்புழு நீர்ப்பை மைனஸ் 15 டிகிரியில் 3 நாளில் சாகும். கடையில் பனிக்கட்டி மேல் வைத்த கறியில் அது சாகாது.

புதிய உணவுப் பழக்கங்கள் புதிய ஒட்டுண்ணிகளையும் கூட்டிவருகின்றன. உத்தராகண்டில் சரியாக வேகாத பன்றி இறைச்சியால் டிரிக்கினெல்லா தொற்று கொத்தாகப் பரவியதுண்டு. மணிப்பூரிலும் அருணாசலத்திலும் வேகாத நண்டு வழியாகப் பரவும் நுரையீரல் தட்டைப்புழு, ரத்தம் கக்க வைப்பதால் காசநோய் என்று தவறாகக் கருதப்படுகிறது. ஆனேக்கல் வட்டத்தில் வேலை செய்யும் வடகிழக்குத் தொழிலாளி ஒருவர் இருமலோடு வந்தால் மருத்துவர் இதையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. கேரளத்தில் உடும்பின் பச்சை இறைச்சியைத் தின்றவர்களுக்கு எலி நுரையீரல் புழுவால் மூளையுறை அழற்சி வந்திருக்கிறது. உடும்பு வேட்டை சட்டப்படி குற்றம் என்பது வேறு கதை.

தேவையற்ற அச்சங்களும் உண்டு. ஆட்டு ஈரலில் இலைபோலத் தட்டையான புழு தெரிந்தால் அதைத் தின்றதால் அந்தப் புழு தொற்றாது. நீர்த்தாவரங்களில் ஒட்டியிருக்கும் அதன் இளநிலையே தொற்றும். எருமையின் உணவுக்குழாயில் அரிசி மணிபோல் காணும் சார்கோசிஸ்டிஸ் கூடுகளும் மனிதருக்குப் பெரிய ஆபத்தல்ல. மாட்டு நாடாப்புழு அருவருப்பானது, சில மீட்டர் நீளமானது, ஆனால் அதன் முட்டை மூளைக்குப் போவதில்லை. பன்றிக்கறியில் ஜவ்வரிசி போன்ற நீர்ப்பை தெரிந்தால் மட்டும் அந்தக் கறியை ஒதுக்கிவிட வேண்டும். அதைக் கழுவி எடுத்துவிட்டுச் சமைப்பது நியாயமில்லை.

இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பது வாங்குபவரின் வேலையா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு (அறுவைக்கூடம்) விதிகளின்படி, நகராட்சி எல்லைக்குள் அங்கீகரிக்கப்பட்ட அறுவைக்கூடத்துக்கு வெளியே விலங்கை அறுக்கக் கூடாது. அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கும் நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கும் மேல் பரிசோதிக்கக் கூடாது. 2011 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதிகள் அறுப்புக்கு முன்னும் பின்னும் பரிசோதனையைக் கட்டாயமாக்குகின்றன. நடைமுறையில் சிறுநகரங்களின் ஆட்டுக்கறி பெரும்பாலும் கடை வாசலிலேயே அறுபடுகிறது. முத்திரை குத்திய கறியைப் பார்க்காமலே பலருக்கு வாழ்நாள் கழிகிறது. அத்திபெலே நகராட்சியும் ஓசூர் மாநகராட்சியும் தத்தம் எல்லைக்குள் முறையான அறுவைக்கூடங்களையும் மருத்துவர்களையும் உறுதிசெய்யாதவரை, கறியைப் பார்த்து வாங்குங்கள் என்ற அறிவுரை பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே.

விழிப்புணர்வுக்குப் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. வேலூர்ப் பகுதியில் நாடாப்புழு பற்றிச் சுகாதாரக் கல்வி கொடுத்துப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, மக்களின் அறிவும் கைகழுவும் பழக்கமும் கூடியதைக் காட்டியது. ஆனால் கல்வியோடு மருந்தும் வேண்டும். 2015 முதல் பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பென்டசோல் 400 மி.கி. ஒற்றை மாத்திரை உருண்டைப்புழுவுக்கு நல்லது, நாடாப்புழுவுக்கு உறுதியானதல்ல. நாடாப்புழுவுக்குத் தனி மருந்து தேவை. அதை மூளையில் கட்டி இருப்பவருக்குக் கவனமின்றிக் கொடுத்தால் வலிப்பைத் தூண்டிவிடும் அபாயமும் உண்டு. எனவே கடையில் வாங்கி விழுங்காமல் மருத்துவரிடம் போவதே முறை.

சுழற்சியைப் பன்றியிடமே அறுக்கும் வழியும் இருக்கிறது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான டிசோல்18 தடுப்பூசியை ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் சிஸ்வேக்ஸ் என்ற பெயரில் தயாரிக்கிறது. ஆக்ஸ்ஃபென்டசோல் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பன்றித் தசையில் நீர்ப்பை உருவாவது ஏறக்குறைய நின்றுவிடும். பன்றி வளர்ப்பவருக்கு இதனால் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் வருமானம் இல்லை. எனவே அரசு வாங்கிப் போட்டால் ஒழிய இந்த ஊசி பட்டிக்குள் போகாது.